பிடி பொருந்திய பிறகு மதிப்பெண்ணைப் பேசலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைத்துப்பாக்கி சுடுதலில் புதிதாகச் சேர்பவர்களுக்காக உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதுகாப்பு விதிகளை முதலில் சொல்லியிருந்தது மிகவும் நல்லது. ஆனால் "கையில் எடுத்ததும் தானாகவே இலக்கைக் காட்டும் பிஸ்டலைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதி, அதற்கு உதாரணமாக ஒரே ஒரு மாடலைக் காட்டியிருந்தது சரியில்லை. ஒருவர் கையில் அம்பு போல நேராக நிற்கும் அதே பிஸ்டல், பக்கத்தில் இருப்பவர் கையில் தரையைப் பார்க்கும். மூன்றாவது ஆளிடம் கொடுத்தால் வலப்பக்கம் திரும்பி நிற்கும். பிஸ்டல் மாறவில்லை, கை மாறியிருக்கிறது. இது தெரியாததால், பிடி பொருந்தாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு "எனக்கு இது வரவில்லை" என்று விலகிப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். துடைப்பக் கம்பு போல ஒரு உருண்டைக் கம்பை இறுக்காமல் பிடித்து, கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுங்கள். மணிக்கட்டை நிமிர்த்தவோ தாழ்த்தவோ முயலாதீர்கள். கம்பு செங்குத்தாக நிற்காது, மேல்முனை முன்பக்கம் சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உள்ளங்கையின் அகலம், கட்டைவிரல் மேட்டின் சதைப்பற்று, மணிக்கட்டு எலும்புகள் அமைந்திருக்கும் விதம் எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. மணிக்கட்டு பொதுவாகச் சுண்டுவிரல் பக்கம் 30 டிகிரிக்கு மேலும், கட்டைவிரல் பக்கம் 20 டிகிரி அளவிலும் வளையும். அந்த எல்லைகளுக்கு நடுவே எந்த இடத்தில் மணிக்கட்டு சிரமமில்லாமல் உறுதியாக நிற்கிறதோ, அந்த இடத்தில் குழல் இலக்கைப் பார்க்க வேண்டும். பிடி பொருந்துவது என்பதில் பாதி இதுதான்.

துப்பாக்கி செய்பவர்கள் இந்தச் சாய்வை ஒரே மாதிரி வைத்ததில்லை. குழலுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், கோல்ட் நிறுவனத்தின் 1911 மாடல் பிஸ்டலின் பிடி சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கிறது, கிளாக் நிறுவனத்தின் பிஸ்டலில் சுமார் 22 டிகிரி. பழைய ஜெர்மானிய லூகர் பிஸ்டலில் அது ஏறத்தாழ 35 டிகிரி. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 4 டிகிரிதான் என்று தோன்றும். ஆனால் மணிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை இறக்கிவிட்டு மற்றொன்றை எடுத்தால், அந்த 4 டிகிரி 10 மீட்டர் தொலைவில் 70 சென்டிமீட்டர் ஆகிவிடும். 1911 மாடலில் பழகியவர் கிளாக்கைத் தூக்கினால் குழல் மேலே பார்க்கும். கிளாக்கில் பழகியவர் 1911-ஐத் தூக்கினால் கீழே பார்க்கும். இரண்டு பேரும் தங்கள் துப்பாக்கிதான் 'இயல்பானது' என்று சத்தியம் செய்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இதில் பிறவியில் வந்த கையமைப்பு ஒரு பங்கு, ஆயிரக்கணக்கான முறை தூக்கி இறக்கிய பழக்கம் இன்னொரு பங்கு. புதிதாக வருபவரிடம் பழக்கம் என்று எதுவும் இல்லை. ஆகவே அவருடைய கை என்ன சொல்கிறது என்று பார்க்கச் சரியான நேரம் அதுதான்.

இது ராணுவங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920களில், அமெரிக்க ராணுவம் 1911-ஐத் திருத்தி 1911ஏ1 ஆக்கியபோது டிரிகரின் நீளத்தைக் குறைத்தது. டிரிகருக்குப் பின்னால் சட்டத்தின் (துப்பாக்கியின் உடல்பகுதி) இரு பக்கங்களையும் சற்றுக் குடைந்து விரலுக்கு இடம் விட்டது. பிடியின் பின்பக்கம் அடிப்பாகத்தை வளைவாகப் புடைக்க வைத்தது. அந்தப் புடைப்பு உள்ளங்கையின் அடியில் முட்டிப் பிடியின் கீழ்முனையை முன்னே தள்ளும், அதனால் குழலின் முனை மேலே எழும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டையைத் துப்பாக்கியின் சுத்தியல் (குண்டை வெடிக்கவைக்கத் தட்டும் பாகம்) கடிக்காமல் இருக்கப் பின்னால் உள்ள வாலையும் நீட்டினார்கள். பின்னர் 1990களின் பிற்பகுதியில் வால்தர் பி99, கழற்றி மாட்டும் பின்தகடுகளுடன் வந்தது. 2010-இல் வந்த கிளாக்கின் நான்காம் தலைமுறையில் 2 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் தரும் தகடுகள் பெட்டியிலேயே கிடைத்தன. 2017-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்17 பிஸ்டலின் பிடிச் சட்டம் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் வருகிறது. 2 மில்லிமீட்டருக்காக ஒரு தொழிற்சாலை தனியே தகடு வார்க்கிறது என்றால், அந்த 2 மில்லிமீட்டருக்குப் பொருள் இருக்கிறது.

அந்தப் பொருள் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. பிடியின் பின்பக்கத்திலிருந்து டிரிகரின் முகம் வரை உள்ள தூரம் பல பிஸ்டல்களில் 70 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில், அதாவது டிரிகரை இழுப்பதே சுத்தியலையும் பின்னால் தூக்கும் வகையில், முதல் குண்டுக்கு டிரிகர் இன்னும் முன்னால் நிற்கும். துப்பாக்கியைச் சரியாகப் பிடித்தால் மேலிருந்து பார்க்கும்போது குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல் கவட்டை பிடியின் பின்பக்கத்துக்கு நடுவில், முடிந்தவரை உயரத்தில் உட்கார வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் நுனிக் கணுச் சதைப்பகுதி டிரிகர் மேல் படிய வேண்டும். விரலின் அடிப்பகுதிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு வெளிச்சம் தெரிய வேண்டும். இது நான்கும் ஒருசேர அமைந்தால் பிடி பொருந்துகிறது.

பிடி பெரிதாக இருந்தால் விரல் எட்டாது. எட்டுவதற்காகக் கை தன்னையறியாமல் பிடியைச் சுற்றி நகரும். கவட்டை நடுவிலிருந்து விலகும், கட்டைவிரலின் அடிமூட்டு பின்பக்கத்துக்கு வந்துவிடும், குழல் முன்கையின் கோட்டை விட்டுத் திரும்பும். உதைப்பு முன்கைக்குள் நேராக இறங்காமல் அந்த மூட்டில் விழும். விரல் நுனி மட்டும் டிரிகரின் ஓரத்தைத் தொடுவதால், வலக்கைக்காரர் அதைப் பின்னால் இழுப்பதோடு இடப்பக்கமும் தள்ளுகிறார். பிடி சிறிதாக இருந்தால் தொல்லை வேறு மாதிரி. விரல் தேவைக்கு மேல் உள்ளே போய் டிரிகரை வலப்பக்கம் இழுக்கும். மற்ற விரல்களின் நுனிகள் உள்ளங்கையில் குத்தும். பிடியைச் சுற்றி நிரப்பச் சதை போதாததால் சுடுபவர் இறுக்கத் தொடங்குவார்.

இறுக்குவது ஏன் ஆபத்து என்று பார்க்க, வெறுங்கையை நீட்டி, ஆள்காட்டி விரலை நேராக வைத்துக்கொண்டு மற்ற மூன்று விரல்களையும் முழுப் பலத்தோடு மடக்குங்கள். ஆள்காட்டி விரலின் நுனி நடுங்கி உள்ளே வளைவதைக் காண்பீர்கள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் மடக்கும் ஆழ்தசை முன்கையில் பெரும்பாலும் ஒன்றாகப் பிணைந்திருக்கிறது. ஆள்காட்டி விரலுக்குத் தனிப் பிரிவு உண்டு என்றாலும் கை முழுதும் இறுகும்போது அதுவும் கூடவே இழுபடும். பொருந்தாத பிடியை இறுக்கத்தால் ஈடுகட்டுபவர் டிரிகரை அழுத்தும்போதெல்லாம் முழுக் கையையும் கசக்குகிறார். பயிற்சி எவ்வளவு செய்தாலும் இது போகாது, காரணம் பிடியின் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கிறது.

இனி சோதனை. துப்பாக்கியைக் காலி செய்து, மேகசின் இருந்தால் கழற்றி, குழலின் பின்னால் குண்டு உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் மட்டும் இதைச் செய்யுங்கள். குறிப்பலகைக்கு முன் வழக்கமான நிலையில் நில்லுங்கள். கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டு, கை தானாக ஓரிடத்தில் அடங்கட்டும். பிறகு கண் திறந்து, எதையும் திருத்தாமல் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கை முழுவதும் இலக்குக்கு எந்தப் பக்கம் நிற்கிறது. இன்னொன்று, குறி பார்க்க உதவும் சைட்டுகளில், கண்ணுக்கு அருகே உள்ள பின் சைட்டின் பள்ளத்துக்குள், குழல் முனையில் உள்ள முன் சைட் எங்கே தெரிகிறது. கையை இறக்கி, பிடியை விட்டு மறுபடி பிடித்து, பத்து முறை செய்யுங்கள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான திருத்தங்கள் வீணாகின்றன. சைட்டுகள் ஒன்றுக்கொன்று நேராக இருந்து, கை மட்டும் இலக்குக்கு இடமோ வலமோ நின்றால், அது கால்களின் வேலை. பின்காலைச் சிறிது நகர்த்தினால் உடல் முழுவதும் திரும்பி இலக்கில் வந்து நிற்கும். பிடியைத் தொட வேண்டாம். ஆனால் முன் சைட் பள்ளத்தின் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒட்டித் தெரிந்தால், துப்பாக்கி கைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. கால்களை எவ்வளவு நகர்த்தினாலும் அது சரியாகாது. முன் சைட் பள்ளத்துக்கு மேலே துருத்தினால் பிடியின் சாய்வு அதிகம், உள்ளே புதைந்தால் சாய்வு போதாது. பத்து முறையில் ஏழெட்டு முறை ஒரே பிழை வந்தால் பிடியைச் சந்தேகிக்கலாம். பத்தும் பத்துத் திசையில் போனால் பிடியில் குறை தேட வேண்டாம். அவர் இன்னும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி பிடிக்கிறார், முதலில் அதைப் பழக வேண்டும்.

சைட் பிழைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இரு சைட்டுகளுக்கும் இடையே 320 மில்லிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சைட்டுகள் நேராக இருந்து கை முழுவதும் 5 மில்லிமீட்டர் ஒதுங்கினால், பெல்லட்டும் 5 மில்லிமீட்டர்தான் ஒதுங்கும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஆகவே அது பத்துதான். ஆனால் முன் சைட் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால் பெல்லட் 31 மில்லிமீட்டர் தள்ளிப் போய் ஏழில் விழும். கண்ணால் திருத்திக்கொள்ளலாமே என்றால், திருத்தலாம்தான். ஆனால் 75 நிமிடத்தில் 60 குண்டு சுடும்போது ஒவ்வொன்றிலும் மணிக்கட்டை முறுக்கி நேராக்க வேண்டும். டிரிகரை அழுத்தும் அந்த ஒரு நொடியில் கவனம் டிரிகருக்குப் போகும், முறுக்கு தளரும், துப்பாக்கி தன் இயல்பான இடத்துக்குத் திரும்பிவிடும். "கடைசியில் எப்படியோ போய்விடுகிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

திருத்தும்போது திரும்பப் பெறக்கூடியதை முதலில் செய்யுங்கள். போட்டி பிஸ்டல்களில் டிரிகர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சிலவற்றில் பக்கவாட்டிலும் திருப்பலாம். விரல் எட்டவில்லையென்றால் மரத்தில் கை வைக்கும் முன் டிரிகரை 2 மில்லிமீட்டர் பின்னே கொண்டுவாருங்கள். பிடியின் சாய்வை மாற்றும் திருகு இருந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்ப வேண்டாம். அடுத்தது, உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பாம் ஷெல்ஃப். கையைப் பிடிக்குள் நன்றாக மேலேற்றி, ஷெல்ஃப் லேசாகத் தொடும் வரை உயர்த்தி, பிறகு ஒரு மயிரிழை இறக்கிப் பூட்டுங்கள். இறுக்கிப் பிடிக்கும்படி வைத்தால் காலையில் பொருந்தியது, வெயிலில் கை சற்று உப்பியதும் கவ்வும், விரல் மரத்துப்போகும். தளர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் கை வேறு உயரத்தில் உட்காரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பத்து முறைச் சோதனையை மீண்டும் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

இவை போதாதபோதுதான் மரத்துக்குப் போக வேண்டும். உள்ளங்கையில் வண்ணச் சாக்பீஸ் தூளைத் தடவி, துப்பாக்கியை ஒரே முறையில் பிடித்து, அரை நிமிடம் அசையாமல் வைத்திருந்து கையை எடுங்கள். பிடியில் தூள் ஒட்டாத இடம் பள்ளம், கெட்டியாக அப்பியிருக்கும் இடம் அழுத்தும் மேடு. பிடியில் உள்ளங்கைக் குழி படவேண்டிய இடத்தில் தூளே ஒட்டாமல், விரல் நுனிகள் படும் இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் பிடிக்குள் கை தொங்குகிறது என்று பொருள். பிடியின் அந்த இடத்தை இரண்டு பகுதி கலந்து பிசையும் எபாக்ஸி மரப் புட்டியால் நிரப்பலாம். முதலில் 80 எண் உப்புத்தாளால் மரத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் புட்டி ஒரு மாதத்தில் தகடாகப் பெயர்ந்து வரும். புட்டி இயந்திரப் பகுதிக்குள் நுழையாமல் உலோகத்தை டேப்பால் மூடுங்கள். மெல்லிய கையுறை போட்டு, அதன்மேல் கொஞ்சம் வாசலின் தடவி, 2 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் புட்டியை வைத்து, சுடும்போது எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே கையை நீட்டிப் பிடியுங்கள். மேசைமேல் வைத்துக்கொண்டு பிடித்தால் பதிவது வேறு கை. புட்டி இறுகும் முன் கையை எடுத்து, ஒரு முழு நாள் காயவிட்டு, 120, 240 எண் தாள்களால் தேயுங்கள். எபாக்ஸித் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் அவசியம். பளபளப்பான வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

மரத்தைத் தேய்த்துக் குறைப்பது கடைசி. அரை மில்லிமீட்டர் தேய்த்து, ஒரு வாரம் சுட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்த அரை மில்லிமீட்டர். போட்டிக்குப் போகிறவர்கள் சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகளையும் மனதில் வைக்க வேண்டும். பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியும்படி விடுபட்டிருக்க வேண்டும், ஷெல்ஃப் பிடியோடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், ஓரம் மேல்நோக்கி வளையக் கூடாது. ஏர் பிஸ்டல் முழுதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. ஆசையாக வளர்த்த ஷெல்ஃப் உபகரணச் சோதனையில் அறுபடுவதைவிட, முதலிலேயே அளந்துவிடலாம்.

பிடியின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் சரியாக இருந்த முன் சைட் நாற்பதாவது குண்டுக்குப் பிறகு புதையத் தொடங்கினால், அது மணிக்கட்டின் களைப்பு. அதற்குச் சாய்வை மாற்றினால் மறுநாள் முதல் குண்டு மேலே போகும். சோதனையைக் களைப்பில்லாதபோது ஒரு முறை, களைத்த பிறகு ஒரு முறை செய்தால் இது பிடிபடும். அதுபோல, வலக்கையால் சுடுபவருக்கு இடக்கண் முதன்மையாக இருக்கலாம். இரு கைகளாலும் ஒரு சிறு முக்கோணத் துளை செய்து தூரத்துப் பொருளை அதன் வழியே பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் எது முதன்மைக் கண் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுடுவார், பிடி கோணலாக இருப்பதுபோலவே தோன்றும். குறி பார்க்காத கண்ணுக்கு 30 மில்லிமீட்டர் அகலம் வரை மறைப்பு வைக்க விதி இடம் தருகிறது. மரத்தைத் தேய்க்கும் முன் அதை முயல வேண்டும்.

இடக்கைக்காரர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வலக்கைக்குச் செதுக்கிய பிடியை இடக்கையில் திணித்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. கட்டைவிரல் தாங்கி இருக்க வேண்டிய இடத்தில் விரல்களுக்கான பள்ளம் இருக்கும். ஒரு பயிற்சிக்கூடத்தில் பத்து பிஸ்டல் இருந்தால் ஒன்றுக்காவது இடக்கைப் பிடி வாங்கி வைக்க வேண்டும். சிறிய கைகளுக்கும் இதே நியாயம்தான். போட்டி பிஸ்டல் செய்பவர்கள் மிகச் சிறியது முதல் பெரியது வரை பல அளவில் பிடிகளைத் தனியே விற்கிறார்கள். முழு பிஸ்டலை மாற்றத் தேவையில்லை, பிடியை மட்டும் மாற்றினால் போதும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை விரல் எட்டுவதையும் ஷெல்ஃப் உயரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். மார்ச்சில் பொருந்திய பிடி செப்டம்பரில் பொருந்தாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கட்டுரையின் அடுத்த பகுதியில் அந்த மாடல் பரிந்துரையை எடுத்துவிட்டு, கண் மூடிக் கையுயர்த்தும் பத்து முறைச் சோதனையையும் விரல் எட்டும் அளவையும் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும் கை ஒன்று, கட்டைவிரல் மூட்டு பின்பக்கம் ஏறிய கை ஒன்று. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், தன் பிள்ளையின் கை எது என்று எந்தப் பெற்றோரும் கண்டுகொள்வார்.

இப்படிக்கு,
பிஸ்டல் பயிற்றுநர் ஒருவர்